இரண்டு வரியும் ஒரு முழுப் பெயரும்

என் தங்கை வினோஜா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தாள். நாங்கள் திரும்பி எங்கள் ஊரான அக்கராயனுக்கு வந்தபோது பாடசாலைக்குக் கூரை போட்டிருந்தார்கள், கணித ஆசிரியரைப் போடவில்லை; ஒரு வருடம் முழுக்கத் தானாகவே கணக்குச் செய்து, பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். ஆங்கிலம் பேச யாரும் இல்லாத வீட்டில், கணினி காட்டுகிற பிழைச் செய்திகளை வாசித்து வாசித்தே ஆங்கிலம் படித்தாள். வவுனியாவில் படித்து முடித்துவிட்டு வேலைக்கு நேர்முகம் போன இடத்தில் "உங்களுக்குக் கொழும்பில வேலை கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். "நான் அங்க கேக்கவே இல்லை" என்று சொல்லி, கிளிநொச்சியிலேயே வேலையை எடுத்தாள். கடைசியாக, வெளிநாட்டுக்காரர் பலர் தேடியும் அகப்படாத ஒரு பிழையை எங்கள் கடையில் இருந்தபடி பிடித்தாள்.

இவற்றில் எதையும் அவள் சொல்லித் திரிவதில்லை. அதனால் நான் சொல்லித் திரிகிறேன். என் பெயர் பிரேமிளா. பத்தாம் வகுப்போடு நின்றவள். வீட்டு முன்பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கணினி விடயம் எதுவும் பிழையாகப் போய்விடக் கூடாது என்று, கீழே வருகிற ஒவ்வொரு பகுதியையும் வினோஜாவுக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் வைத்திருக்கிறேன். அவள் வெட்டச் சொன்ன புகழ்ச்சியை மட்டும் வெட்டவில்லை.

அவள் வேலை செய்கிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி செய்கிறார்கள். கிராமத்து மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜின் மேல் அதைப் பொருத்துவார்கள். பிரிட்ஜுக்குள் சூடு ஏறினால் பெட்டி பொறுப்பான தாதியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். நல்ல பெட்டி. ஆனால் சில கிழமைகளுக்கு ஒருமுறை, காரணம் தெரியாமல், அது உறைந்துபோய் நின்றுவிடும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மருந்து கெட்டுப்போனால் ஒருவருக்கும் தெரியவராது. கெட்ட மருந்தையே பிள்ளைகளுக்கு ஏற்றுவார்கள். பெட்டிகள் ஏப்ரலில் மருத்துவ நிலையங்களுக்குப் போவதாக இருந்தன.

பிழை பெட்டியில் இல்லை, பெட்டிக்குள் ஓடுகிற இயங்குதளத்தில் இருந்தது. கணினிக்குள் யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை என்று பார்த்துக்கொள்வது இயங்குதளத்தின் வேலை. எங்கள் குளத்து வாய்க்காலில் முறை பார்த்துத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் போல. இந்த இயங்குதளம் ஒரு கொம்பனியின் சொத்து அல்ல. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருப்பது. சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஒன்றை வெளியிடுவார்கள். வெளியீட்டுக்கு முந்திய கிழமைகளில் புதிய வேலை எதையும் சேர்க்கமாட்டார்கள், பிழைதிருத்தங்களை மட்டும் எடுப்பார்கள். பிறகு ஒரு நாள் அதையும் மூடிவிடுவார்கள். பெட்டியை வாங்குகிறவர்கள் அந்த வெளியீட்டை அப்படியே ஏற்ற வேண்டும், சொந்தக் கைவைத்தியம் கூடாது என்று உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே மூடுவதற்கு முன்னர் திருத்தம் உள்ளே போயாக வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி பிழையோடுதான் போகும்.

அந்த இயங்குதளத்து ஆட்களுக்கு வினோஜாவின் அலுவலகத்திலிருந்து பலமுறை எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் "எங்களிடம் நன்றாக ஓடுகிறது" என்றே மறுமொழி வந்தது. வினோஜா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கடைப் பிரிட்ஜின் மேல் வைத்தாள். பெட்டிக்குள் பற்றரி உண்டு. சூட்டைப் பார்க்கிற சிறு கருவிக்கு மட்டும் சுவரிலிருந்து கரண்ட் போகிறது.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் கரண்ட் கண்சிமிட்டினாற்போலப் போய் வந்தது. எங்கள் பக்கத்தில் அது சாதாரணம், யாரும் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. வினோஜா மட்டும் பெட்டியைப் பார்த்தாள். உறைந்திருந்தது.

"அக்கா, அங்க இருக்கிறவைக்குக் கரண்ட் போறேல்லை. அதுதான் அவைக்குப் பிழை வரேல்லை."

அதற்குப் பிறகு அவள் கருவியின் பிளக்கைக் கழற்றுவதும் செருகுவதுமாக இருந்தாள். பீடி வாங்க வந்த ராசு அண்ணை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"என்ன பிள்ளை, கரண்ட்காரர் செய்யிற வேலையை நீயும் பழகுறியோ?"

"ஓம் அண்ணை. அவையளைவிட வேகமாச் செய்யுறன், பாத்தீங்களோ?"

"அப்ப எங்களுக்கு இனி விடிவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியை விரும்பியபோது உறைய வைக்க அவளுக்கு முடிந்தது. ஆனால் எந்த வரி அதைச் செய்கிறது என்று தெரியவில்லை. என்னதான் நடக்கிறது என்று நான் கேட்டேன்.

"உதுக்குள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு இடம் குடுப்பினம் அக்கா. நினைவகம் எண்டு சொல்லுறது. வேலை முடியத் திருப்பிக் குடுக்கோணும். பிறகு அதே துண்டு வேற வேலைக்குப் போகும்."

"காணி மாதிரி."

"ஓம், காணிதான். ஒருத்தர் காணியைத் திருப்பிக் குடுத்திட்டுப் போட்டார். ஆனா, நாளைக்கு வந்து கொத்து எண்டு முதலே ஒரு கூலியாளுக்குச் சொல்லி வைச்சிருக்கிறார். அவனை மறிக்கேல்லை. அவன் சொன்ன நேரத்துக்கு மண்வெட்டியோட வந்து கொத்துறான். இப்ப அது வேற ஆரோ ஒருத்தரின்ர மிளகாய்த் தோட்டம்."

"மிளகாய்க்காரன் கத்துவானே?"

"அதுதான் கரைச்சல். கத்துறது மிளகாய்க்காரன். எல்லாரும் அவனில பிழை எண்டு அவன்ர தோட்டத்தைப் போய்ச் சோதிக்கினம்."

ஒரே காணிக்கு இரண்டு குடும்பங்கள் பத்திரத்தோடு வந்து நின்ற கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. எனக்கு உடனே விளங்கியது.

அந்தக் கூலியாளைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறதாம். திருப்பிக் கொடுக்கிற இடத்தை வெறுமையாக விடாமல், ஒரு குறிப்பிட்ட எண்ணால் நிரப்பிவிடுவது. பிறகு யாராவது அதைத் தொட்டால் எண் குழம்பும், தொட்டது யார் என்று பார்க்கலாம். இதைக் கேட்டுக்கொண்டு அம்மா குசினிக்குள் நின்றார். இரவல் வாங்கிய சட்டியை அம்மா ஒருநாளும் வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை; ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்.

"நான் சட்டிக்குள்ள சீனி போட்டுக் குடுக்கிற மாதிரியோ?"

"ஓம் அம்மா. ஆனா நீங்கள் அன்பில போடுறியள். நாங்கள் கள்ளனைப் பிடிக்கப் போடுறம்."

கள்ளன் அகப்பட்டான். சூடு பார்க்கிற கருவிக்குக் கரண்ட் போனதும் இயங்குதளம் அதன் இடத்தைத் திருப்பி எடுத்துவிடுகிறது. ஆனால் 'சற்று நேரத்தில் மறுபடி சூட்டைப் பார்' என்று முன்னரே வைத்த அலாரத்தை நிறுத்துவதில்லை. வினோஜா எழுதிய திருத்தம் இரண்டே வரி. அலாரத்தை நிறுத்து, அது ஏற்கெனவே அடிக்கத் தொடங்கியிருந்தால் முடியும்வரை காத்திரு, அதன்பிறகே இடத்தைக் கொடு. அந்த இரண்டு வரியை ஏற்றிய பிறகு பிளக்கை எத்தனை முறை கழற்றினாலும் பெட்டி உறையவில்லை. அவளுடைய விரல்தான் நொந்தது.

அலுவலகத்தின் பொதுப்பெயரில் திருத்தத்தை அனுப்பினாள். அங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் அனுப்புவார்கள். இயங்குதளத்தின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் போலந்தில் இருக்கிறார். புதன்கிழமை அவருடைய மறுமொழி வந்தது. பிழையைக் கண்டுபிடித்த விதம் அழகு என்றும், திருத்தம் சரி என்றும் எழுதியிருந்தார். ஆனால் எழுதியவர் தன் பெயரை வைக்கிற கையெழுத்து வரி இல்லை, ஆகவே எடுக்க முடியாது. குழு கையெழுத்து வைக்க முடியாது, ஒரு மனிதர் வைக்க வேண்டும். முதலெழுத்துப் போட்டுச் சுருக்காமல் முழுப் பெயரோடு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்த வெளியீட்டை மூடுகிறேன் என்று முடித்திருந்தார்.

வேறு ஊரில், வேறு வீட்டில் இது ஒரு நிமிட வேலையாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

அப்பா தங்கராசா மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அண்ணன் ஒரு தாளில் கையெழுத்து வைத்தார். அரிசிப் பங்கீட்டுக்கு என்று நினைத்து வைத்தார். வாசித்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அது இந்தியாவுக்குப் போவதற்கான விண்ணப்பம். போகிறவர்களின் பட்டியலில் பெயர் வந்தபோது, நான் கேட்கவில்லையே என்று சொல்லிப் பார்த்தார். தாளைக் காட்டி, உன் கையெழுத்துத்தானே என்றார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் கைக்குழந்தையோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு கலவரம் வந்து அப்பாவின் குடும்பம் வன்னிக்கு ஓடிவந்தது. பெரியப்பா கடிதம் போட்டிருந்தாலும் பழைய விலாசத்துக்குத்தான் போயிருக்கும். அவர்கள் எங்கே என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா எழுதத் தெரியாதவர் அல்ல. எழுத விரும்பாதவர். வீட்டுக்குக் கரண்ட் எடுத்தபோது, தாளை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லி வந்தவரை ஒரு மணித்தியாலம் இருத்திவைத்தார். "ஐயா, இது கரண்டுக்குத்தான், கலியாண எழுத்தில்லை" என்று அந்த மனிதர் கெஞ்சினார். எங்களுக்கும் அதுதான் பழக்கம். வாசித்துக் காட்டாத எதிலும் பெயர் வைப்பதில்லை. வைக்க வேண்டி வந்தாலும் 'த. வினோஜா', 'த. பிரேமிளா' என்று முதலெழுத்தோடு நிறுத்துவோம். அப்பாவின் பெயரை முழுதாக எங்கள் கையால் எழுதமாட்டோம். அடையாள அட்டையில் முழுப் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மற்றவர்கள் எழுதியது.

அலுவலகத்தில் வினோஜாவின் பொறுப்பாளர் சிவகரன். பளைக்காரர், அமைதியான ஆள், பகிடியும் தெரியும். அன்று நடந்ததைப் பிறகு கடைக்கு வந்தபோது அவரே சொன்னார். வினோஜா அவரிடம் போய் நின்றாளாம்.

"அண்ணா, நீங்கள் உங்கட பேரைப் போட்டு அனுப்புங்கோவன்."

"போடலாம். போலந்துக்காரர் என்னைக் கெட்டிக்காரன் எண்டு நினைப்பார். எங்கட வீட்டில இன்னும் ஒருத்தரும் அப்பிடி நினைக்கேல்லை." சொல்லிக்கொண்டே அந்தக் கையெழுத்துக்குரிய வாசகத்தைத் திறந்து வாசித்தார். "இஞ்ச பாரும். 'இதை நான் எழுதினேன்.' நான் எழுதேல்லை. இல்லாட்டி, 'எழுதினவர் கையெழுத்து வைச்சுத் தந்தார், நான் கடத்திவிடுறன்.' அப்பவும் முதல் கையெழுத்து உம்மடதுதான். நான் உமக்குக் கீழதான் வரலாம்."

"வேற வழி இல்லையோ?"

"அவரையே புதுசா எழுதிப் போடச் சொல்லிக் கேக்கலாம். அடுத்த வெளியீட்டில செய்வார். அதுமட்டும் எங்கட பெட்டி பிரிட்ஜுக்கு மேல இருந்து நித்திரை கொள்ளும்."

வினோஜா கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

"ஏன், திருத்தத்தில சந்தேகமோ?"

"இல்லை. திருத்தம் சரி."

சிவகரன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு தாளில் பெயர் கொடுப்பதென்றால் என்னவென்று, யுத்தத்துக்குள் பளையில் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "நாளைக்குப் பூரணை, போயா லீவு. வீட்டில கதைச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை வாரும்" என்று மட்டும் சொன்னாராம்.

வியாழக்கிழமை அப்பா வீதியோரத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார். காலால் அளைந்து புரட்டிக்கொண்டிருந்தார். வினோஜா கைபேசியோடு போய்ப் படங்கின் ஓரத்தில் குந்தினாள். நானும் அம்மாவும் கடை வாசலில் நின்றோம்.

"அப்பா, ஒண்டு வாசிக்கப்போறன். கேளுங்கோ."

"எந்த ஆபீசு தாளு?"

"ஆபீஸ் இல்லை. வெளிநாட்டில இருந்து."

அப்பாவின் கால் நின்றது.

அவள் வரிவரியாகத் தமிழில் சொன்னாள். இதை நான் எழுதினேன். இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. இதை யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று எனக்குத் தெரியும். என் பெயரும் இந்தப் பதிவும் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும் என்பதும் தெரியும்.

"இதுல ஊரு மாறச் சொல்லிக் கெடக்கா?"

"இல்லை அப்பா."

"வேற யாரையும் கூட்டிட்டு வரச் சொல்லி?"

"இல்லை."

"பொறவு வேணாம்னா அழிச்சிரலாமா?"

"அது ஏலாது. எப்பவும் கிடக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை ஏனடி கடைசியாச் சொல்லுறாய்?"

"அப்பா கேட்ட ஒழுங்கில சொல்லுறன். நீ கடையைப் பார்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "பிழையாப் போனா?"

"இன்னொருத்தர் அதைத் திருத்தி, தன்ர பேரை வைப்பார். பிழை விட்டதெண்டு ஒருத்தரையும் பிடிச்சுக் கப்பல் ஏத்தமாட்டினம்."

"அண்ணன் வச்சதத் திருத்த அப்புடி ஒருத்தன் வரல" என்றார் அப்பா.

வினோஜா மிச்சத்தைச் சொன்னாள். "இன்னொண்டு இருக்கு. 'த.' எண்டு போட ஏலாதாம். முழுப் பேர் வேணுமாம். உங்கட பேர் முதல் வரும்."

அம்மா இடையில் புகுந்தார். "உங்கட பேரைப் போலந்தில வைச்சு என்ன செய்யப்போகினம்? மாப்பிள்ளை எடுக்கவோ?"

"நீ சும்மா இரு. நான் இதுக்கு என்னத்தச் செஞ்சேன், எம்பேரு எதுக்கு?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அப்பா. நான் ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லுறது. அவ்வளவுதான்."

"வேணாம்னு சொன்னா?"

"போடமாட்டன்."

"போடாட்டி?"

"பெட்டி பிழையோடயே போகும். எந்த ஊரில எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஏத்தினம் எண்டு எனக்குத் தெரியவராது."

அப்பா திரும்பி நெல்லைப் புரட்டிக்கொண்டே படங்கின் மறுகரை வரை போனார். வினோஜா குந்தியபடியே இருந்தாள். அவளுக்கு அவசரம் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தில் அது தெரியவில்லை. திரும்பி வந்து, "மறுபடி வாசி" என்றார். வாசித்தாள். "இன்னொருக்கா" என்றார். அதற்குள் அம்மாவுக்கே பாடமாகிவிட்டது. வினோஜா ஒரு வரியை விடப்போனபோது அம்மா எடுத்துக் கொடுத்தார்.

"இது நீயே எழுதினதுதானே?"

"ஓம் அப்பா."

"யாரும் எழுதி ஒங்கையில குடுக்கலியே?"

"இல்லை. ரெண்டு வரியும் நான் எழுதினது."

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சதுலதான் கையெழுத்து வைக்கிற." அப்பா குனிந்து படங்குக்கு வெளியே சிந்தியிருந்த நெல்லைக் கையால் உள்ளே கூட்டினார். "எம்பேரயும் முழுசாப் போடு."

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன்னர், கடைக்குள் கதிரையில் இருந்து மடிக்கணினியை விரித்தாள். அப்பா பின்னால் வந்து நின்றார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. "எது நானு?" என்று கேட்டார். வினோஜா திரையில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் கிட்டக் குனிந்து, அந்தப் பெயர் தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரை பார்த்தார். பிறகு அதோடு ஒட்டி நிற்கிற அவளுடைய பெயரையும் பார்த்தார்.

"சரி, அனுப்பு. பஸ்ஸு வந்துரும்."

அன்று பின்னேரமே, திருத்தம் சேர்க்கப்பட்டது என்று போலந்திலிருந்து ஒரு வரி வந்தது. சிவகரன் தன் பெயரை அவளுக்குக் கீழே வைத்துக் கடத்திவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூடிய வெளியீட்டில் அந்த இரண்டு வரிகள் இருக்கின்றன. பெட்டிகள் அதோடுதான் போயின. அதன்பிறகு வினோஜா வேறு பல திருத்தங்களுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள். இப்போது வீட்டில் யாரையும் கேட்பதில்லை, எழுதியதைத் தான் ஒருமுறை உரத்து வாசிக்கிறாள், வைக்கிறாள். நான் பார்த்து எழுதிக்கொண்டது முதலாவதைத்தான். அதில் உள்ளபடி: தங்கராசா வினோஜா, 2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை.